குருதிக் குழாய்களின் பதிவேடு

தமிழகத்தின் வடகோடியில், ஆந்திர மாநிலத்திலும் பரந்து கிடப்பது பழவேற்காட்டு ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் இது சில்கா ஏரிக்கு அடுத்தபடியாகப் பெரியது. இதன் கரையிலுள்ள கோட்டைக்குப்பம் முதலிய மீனவர் ஊர்களில் 'பாடு' என்னும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. உரிமையுடைய மீனவர்கள் முறைவைத்து வலையிடுவர். யாருடைய முறை எந்நாளில், எவ்விடத்தில் என்பதை அனைவரும் அறிவர். அவ்வறிவு ஆளுக்கொரு துண்டாகச் சிதறிக் கிடந்தால் ஒழுங்கு நிலைக்குமோ?

நம் உடலினுள்ளும் இத்தகைய ஒழுங்கு ஒன்று உண்டு. ஏரிக்குள் இறங்கி நடக்கும் மீனவர் ஒருவரின் காலைச் சிப்பி கிழித்துவிட்டது எனக் கொள்வோம். புண் ஆற வேண்டுமாயின் அவ்விடத்திற்கு உயிர்வளியும் உணவும் சென்று சேர வேண்டும். அதன்பொருட்டு அருகிலுள்ள குருதிக் குழாய்களிலிருந்து நுண்ணிய புதுக் குழாய்கள் கிளைக்கின்றன. 'வளர்க' என ஏவும் மூலக்கூறுகள் சில. 'போதும்' எனத் தடுக்கும் மூலக்கூறுகள் சில. புண் ஆறியதும் தடுப்பவை மேலோங்க, வளர்ச்சி நின்றுவிடும்.

இம்முறை பிறழ்ந்தால் கேடு விளையும். நீரிழிவு நோயருக்குக் காற்புண் ஆறாமல் நிற்பதற்குப் புதுக் குழாய்கள் போதிய அளவு வளராமையும் ஒரு காரணமாகும். அந்நோயருக்கே விழித்திரையில் வேண்டாத குழாய்கள் முளைப்பதும் உண்டு. அவை உறுதியற்றவை, ஆதலின் உடைந்து, குருதி கசிந்து, பார்வையைக் கெடுக்கும். நீரோட்டம் நோக்கி வலையிடும் மீனவருக்குக் கண்ணே முதற் கருவியன்றோ?

புற்றுக்கட்டியும் புதுக் குழாய்களை வருவித்தே வளர்கிறது என்று அமெரிக்க மருத்துவர் ஜூடா போக்மன் 1971-இல் எடுத்துரைத்தார். 1989-இல் நப்போலியோன் பெராராவும் அவர் குழுவினரும் குழாய் வளர்ச்சியை ஏவும் முதன்மையான புரதம் ஒன்றைப் பிரித்தறிந்தனர். பின்னர்ப் பல நாட்டு ஆய்வாளர்கள் வேறு பல மூலக்கூறுகளையும் கண்டனர். எனினும், அச்செய்திகள் ஆய்விதழ்தோறும் சிதறிக் கிடந்தன. தென் கொரிய அறிஞர் சிலர் அவற்றைத் திரட்டி, 'ஆஞ்சியோ டி.பி.' என்னும் தரவுத்தளமாக 2002-இல் இணையத்தில் வெளியிட்டனர். ஒரு மூலக்கூறு எத்தன்மையது, எதனுடன் கூடிச் செயற்படுவது என்பனவற்றை எந்நாட்டு ஆய்வாளரும் ஓரிடத்திலேயே காண அப்பதிவேடு வழிசெய்தது.

பெராரா கண்ட புரதத்தை அடக்கிக் கண்ணைக் காக்கும் மருந்தொன்று 2006-இல் அமெரிக்காவில், முதுமையில் வரும் விழித்திரை நோய்க்கு ஏற்கப்பட்டது. பின்னர் அது நீரிழிவால் வரும் விழித்திரை நோய்க்கும் பயன்படலாயிற்று. ஆயினும், காலந்தாழ்ந்து வருவோர்க்கு எம்மருந்தும் முழுப்பயன் தாராது. எனவே, நீரிழிவுடையோர் பார்வை நன்றாயிருப்பினும் ஆண்டுதோறும் விழித்திரையைச் சோதித்துக்கொள்ளுதல் வேண்டும்.

வலையில் விழும் மீன் வலையிட்டவர்க்கு உரியது. முறையை அறியும் அறிவோ ஊர்க்கெல்லாம் பொது. ஆய்வாளர் கண்ட உண்மையும் அவ்வாறே பொதுவில் வைக்கப்பெறும்போது, எங்கோ ஓர் ஏரிக்கரையில் வாழும் மீனவரின் கண்ணுக்கும் அது காவலாகும்.