‘டென்ஷன்தான்’ என்று தள்ளிப்போட்ட பிபி

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை போட்டவருக்குக் கவலைக்குப் பஞ்சமில்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை வெடித்து, கேரளத்துக்குச் சரக்கு போகும் குமுளிப் பாதை அடைபட்டது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பழுத்த குலைகளை வெட்ட ஆளும் இல்லை, வாங்க வியாபாரியும் இல்லை. சுருளிப்பட்டிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் விவசாயி ஒருவர் தன் பிபி கதையை இந்த இரண்டையும் வைத்துத்தான் சொல்கிறார்.

ஊரடங்குக்குப் பிறகு ஒரு முகாமில் அளந்தபோது 160/100. டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். “தோட்டத்து டென்ஷன் மச்சான், ஒரு வெட்டு நல்ல விலைக்குப் போனா தானா இறங்கிரும்” என்றார் மச்சினன். விலை கிடைத்தது, பிபி இறங்கவில்லை. தலைசுற்றல், வலி என்று எதுவும் இல்லாததால் மாத்திரை இல்லாமலே காலம் ஓடியது. வேறு எதற்கோ சிறுநீர் பரிசோதித்தபோதுதான் புரதம் போவது தெரிந்தது. சிறுநீரகம் அடிவாங்கியிருந்தது. மச்சினனை அவர் இன்றுவரை விடுவதாயில்லை.

பதற்றத்தில் அட்ரினலின் சுரந்து, துடிப்பு கூடி, ரத்தக் குழாய் சுருங்கும். பதற்றம் தணிந்தால் அழுத்தமும் இறங்கும். மச்சினன் சொன்னதில் அவ்வளவுதான் உண்மை. வருடக்கணக்கில் நீளும் கவலை தூக்கத்தைக் கெடுக்கும், பீடியையும் குடியையும் கூட்டும், நேரத்துக்குச் சாப்பிடவிடாது. இவை சேர்ந்து அழுத்தத்தை மேலேயே நிறுத்திவைக்கும். காரணம் எதுவானாலும், பல முறை அளந்தும் 140/90-க்குக் குறையாவிட்டால் அது உயர் ரத்த அழுத்தம்தான்.

அளக்குமுன் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும், அரை மணி நேரத்துக்குள் டீ, பீடி கூடாது, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும், பேசக் கூடாது. ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள். ஊறுகாயும் அதில் அடக்கம். இதையெல்லாம் அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்.

“விடியுமுன்ன வாய்க்கால் கரையில நடங்க” என்பது அடுத்த யோசனை. தேனி பஜாரில் கடை வைத்திருப்பவர் வாய்க்காலுக்கு எங்கே போவார் என்று கேட்டால், அவரிடம் பதில் இல்லை.

மாத்திரைக்கு அலைய வேண்டாம் என்பதில் மட்டும் அவர் உறுதி. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அது வீட்டுக்கே வருகிறது. பிபி இறங்கிவிட்டதென்று நாமாக நிறுத்தக் கூடாது, வருடம் ஒருமுறை சிறுநீரும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும் என்கிறார். முகாமில் அளந்தவர்கள் கையோடு சிறுநீரையும் பார்த்திருக்கலாமே என்ற கோபம் அவருக்குத் தனி.