இருட்டினால் தடுமாறும் நாய்

நம்ம லயங்களில் நாய் இல்லாத வீடு குறைவு. ஒரு லெப்ரடோர் கலப்பு நாயைப் பற்றி எங்களிடம் முறைப்பாடு வந்தது. பகலில் நல்லா ஓடி ஆடும். பொழுது சாய்ந்தால் இஸ்தோப்பை விட்டு இறங்காது, கானுக்குள் விழும், கிட்டப் போனால் உறுமும். "விசர் பிடிக்கப் போகுது, அடிச்சுப் போடுங்க" என்றார்கள். நாங்களும் அப்படித்தான் பயந்தோம். மிருக வைத்தியர் சோதித்துவிட்டு, "விசர் இல்லை, இது பரம்பரையாக வரும் கண் வருத்தம்" என்றார்.

கண்ணின் உள்ளே பின்பக்கத்தில் விழித்திரை இருக்கிறது. இந்த வருத்தத்தில், மங்கல் வெளிச்சத்தில் பார்க்க உதவும் கலங்கள் முதலில் சாகின்றன. பகல் பார்வைக்கான கலங்கள் பிறகு சாகும். கடைசியில் முழுக் குருடு. வலி இல்லை, கண் சிவக்காது. கருமணி மட்டும் விரிந்திருக்கும், டோர்ச் அடித்தால் வழமையை விடப் பளபளக்கும். பழகிய வாசலில் மோப்பத்தாலும் காதாலும் சமாளித்துக்கொள்ளும். நாம் தண்ணி வாளியை இடம் மாற்றி வைத்த அன்றுதான் குட்டு வெளிப்படும்!

சொட்டு மருந்தோ தாய்ப்பால் விடுவதோ இதற்கு உதவாது. பிரியார்ட் என்ற பிரான்ஸ் நாட்டு நாய் இனத்தில் வரும் வேறொரு பிறவிக் குருட்டுக்கு, நல்ல பரம்பரை அலகைக் கண்ணுக்குள் ஊசியால் செலுத்திப் பார்வை வரச் செய்ததாக 2001இல் அமெரிக்காவில் அறிவித்தார்கள். அதே வழியில் மனிதருக்கும் ஒரு மருந்து 2017இல் அங்கே அனுமதி பெற்றது. ஆனால் நம்ம லயத்து நாய்க்கு அது பொருந்தாது.

நாம் செய்யக்கூடியது குட்டி எடுக்கும் விஷயத்தில்தான். பெரும்பாலும் தாய், தகப்பன் இரண்டு பக்கமும் பழுது இருந்தால்தான் குட்டிக்கு இது வரும். ஒரு பக்கம் மட்டும் வாங்கிய நாய்க்குக் கண் நன்றாகத் தெரியும், ஆனால் பழுதைச் சுமந்து திரியும். அப்படி இரண்டு சேர்ந்தால் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. "ஜாதி கெடக்கூடாது" என்று ஒரே வயிற்றுக் குட்டிகளைச் சேர்க்கிறார்களே, வினை அங்கேதான். கண் கெட்ட நாயிடமும் அதன் கூடப்பிறந்தவற்றிடமும் குட்டி எடுக்க வேண்டாம்.

குருட்டு நாயைத் தொடுமுன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். திடுக்கிட்டால் கடிக்கும். எந்த நாய் கடித்தாலும் சவர்க்காரம் போட்டு 15 நிமிஷம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விசர் நாய்த் தடுப்பூசியை வருஷா வருஷம் நாய்க்குப் போடுங்கள்.

அந்த நாய் இன்னும் இருக்கிறது. வீட்டுப் பொடியன் தன் காலில் ஒரு சலங்கையைக் கட்டிக்கொண்டு, அதைக் கடை வரைக்கும் கூட்டிப்போகிறான்.