கொட்டுமிடத்தைக் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்

மதுரையில் பழைய வீட்டை இடிக்கவோ, குளியலறைத் தரையைப் பெயர்த்துப் புது டைல்ஸ் போடவோ இறங்குகிறவர்களிடம் சிமெண்டு, கம்பி, கொத்தனார் சம்பளம் எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கும். இடிபாட்டை அள்ளிப்போட மட்டும் கணக்கு இருக்காது. வாசலில் குவியல் ஏறி, பக்கத்து வீட்டார் முகம் சுளித்த பிறகுதான் வண்டிக்கு ஆள் தேடுவார்கள். அப்போது மூன்று பேரிடம் விசாரித்தால் மூன்று விதமான விலை வரும். ஒருவர் லோடுக்கு இவ்வளவு என்பார், இன்னொருவர் யூனிட் கணக்குச் சொல்வார், மூன்றாமவர் எல்லாம் சேர்த்து மொத்தமாக ஒரு தொகை கேட்பார். ஒரே குவியலுக்கு ஒரு விலை இன்னொன்றைப் போல இரண்டு மடங்காக இருந்தால், கூடுதலாகக் கேட்டவர் கொள்ளையடிக்கிறார் என்று முடிவுகட்டத் தோன்றும். பெரும்பாலும் அது தவறான முடிவு. அள்ளுகிற கூலி, வண்டி வாடகை, கொட்டுமிடம், வீட்டிலிருந்து தேறுகிற பழைய பொருள் ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் இந்த விலை. குறைந்த விலை சொல்கிறவர் பெரும்பாலும் இதில் ஒன்றைக் கணக்கில் விட்டிருப்பார். விட்டுப்போவது அநேகமாகக் கொட்டுமிடமாகவே இருக்கும்.

முதலில் அளவு. நம் ஊரில் மணல், ஜல்லியைப் போலவே இடிபாட்டுக்கும் யூனிட்தான் அளவு. ஒரு யூனிட் 100 கன அடி. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் 100 சதுர அடியை இடித்தால் கெட்டியாக 75 கன அடி வரும். உடைந்து பொலபொலவென்று குவிந்தபின் அது ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகிவிடும். எடை மூன்றரை முதல் நான்கு டன். சின்ன வேலைக்குச் சாக்குக் கணக்கு வசதி. சிமெண்டு மூட்டையின் கொள்ளளவு 1.25 கன அடி என்பதால் 80 சாக்கு ஒரு யூனிட். ஐந்துக்கு எட்டு அடிக் குளியலறையில் ஏழடி உயரம்வரை சுவர் டைல்ஸையும் தரையையும் அடிக் காரையோடு பெயர்த்தால் 25, 30 சாக்கு தேறும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு பேசுகிறவரிடம் ‘சுமாரா நாலு லோடு வரும் சார்’ என்ற பேச்சு எடுபடாது.

லோடு என்ற சொல்லில்தான் குழப்பமே. குட்டி யானை எனப்படும் டாட்டா ஏஸ் வண்டி சுமக்க வேண்டிய எடை முக்கால் டன் அளவுதான். செங்கல் சல்லியில் அது 20 கன அடிக்கு மேல் வராது. ஆக ஒரு யூனிட்டுக்கு ஐந்து நடை. கணக்குக்காக நடைக்கு 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் யூனிட்டுக்கு 4,500 ஆகிறது. ஒரு யூனிட் பிடிக்கிற டிராக்டர் டிரெய்லருக்கு 2,600 கேட்டால் அது அதிக விலைபோலத் தோன்றும், ஆனால் மலிவு அதுதான். மூன்று யூனிட் டிப்பர் என்றால் இன்னும் குறையலாம். ‘ஏஸில் மேலே ஏற்றிக் கட்டி ரெண்டே நடையில் முடிச்சிடுவோம்’ என்பார்கள். அதிக பாரத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்துக்குப் பின் அபராதம் 20,000 ரூபாய், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. பிடிபட்டால் கட்டவேண்டியவர் வண்டிக்காரர் என்றாலும், பாதிச் சரக்கோடு வேலை நின்று, மீதிக் குவியல் உங்கள் வாசலிலேயே கிடக்கும்.

பெரிய வண்டிதான் மலிவு என்றால் எல்லாரும் டிப்பரையே அழைக்கலாமே என்று கேட்கலாம். தெரு விட்டால்தானே! கே.கே.நகரிலோ திருப்பாலையிலோ டிப்பர் வாசல்வரை வந்து நிற்கும். ஆவணி மூல வீதிக்கும் மாசி வீதிக்கும் இடையிலுள்ள சந்துகளில் தள்ளுவண்டி திரும்புவதே பெரிய காரியம். அங்கே சித்தாள்கள் சாந்துச் சட்டியில் அள்ளித் தலையில் சுமந்து, வண்டி நிற்கிற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டி வாடகையைவிட அள்ளுகூலி அதிகமாவது இந்த வீதிகளில் சாதாரணம். பகலில் நகர நடுவே கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் இரவு வேலை வரும், இரவு வேலைக்குக் கூலி கூடும். சித்திரைத் திருவிழாவின் தேர் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. அந்த நாட்களில் இடிப்பு வேலையை வைத்துக்கொள்வது யாருக்கும் புத்திசாலித்தனமல்ல. மாடியில் வேலை என்றால் படி இறக்குகிற கூலியும் உண்டு. அதனால் சந்துக்குள் இருப்பவர்கள் யூனிட் விலையை மட்டும் கேட்டு ஒப்பிடக்கூடாது. ‘வீட்டுக்குள்ளிருந்து வண்டிவரை யார் பொறுப்பு?’ என்பதே அவர்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி.

முழு வீட்டையும் இடிக்கிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. இடித்து, பழைய பொருளை எடுத்துக்கொண்டு, மனையைச் சுத்தமாக விட்டுத்தரும் ஒப்பந்தம். நகர நடுவிலுள்ள பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் கூரையைத் தாங்கும் தேக்கு விட்டங்கள், கதவு, நிலை, தூண்கள் இருக்கும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் தட்டினால் சுத்தமாகப் பிரிந்து வரும், மறுபடி விற்கலாம். சிமெண்டில் கட்டிய செங்கல் அப்படி வராது, உடைந்துதான் போகும். கான்கிரீட் வீட்டில் தேறுவது கம்பி. ஆயிரம் சதுர அடி, ஐந்து அங்குலத் தளத்தில் மட்டுமே ஒரு டன்னை ஒட்டி இருக்கும். வீட்டில் என்ன தேறும் என்று தெரியாதவர் அள்ளிப்போகக் காசும் கொடுத்துத் தேக்கையும் விட்டுவிடுவார். தெரிந்தவருக்கு ஒப்பந்தக்காரரே காசு கொடுப்பார். ஜேசிபியா, கையிடிப்பா என்பதும் இதோடு சேர்ந்தது. ஜேசிபி மணிக்கணக்கு, குறைந்தபட்ச மணிநேரம், ஓட்டுநர் பேட்டா என்று வரும். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் மரம், வயர், பிளாஸ்டிக், செங்கல் எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் பிசைந்துவிடும். தேறும் பொருள் அதிகமுள்ள வீட்டைக் கையால் இடிப்பதே லாபம். 80களுக்குப் பின் கட்டிய சாதாரண கான்கிரீட் வீட்டுக்கு ஜேசிபியே போதும்.

இனி கொட்டுமிடம். மதுரையைச் சுற்றியுள்ள சமவெளி கண்மாய்களால் கோத்தது. வண்டியூர், மாடக்குளம், செல்லூர், அவனியாபுரம் என ஒன்றின் மறுகால் நீர் வாய்க்கால் வழியே அடுத்ததற்கோ வைகைக்கோ போகிற அமைப்பு. ஊர் விளிம்பில் ‘காலி இடம்’ என்று கண்ணுக்குப் படுவதில் பல, கண்மாய்க் கரையும் வாய்க்கால் ஓரமும்தான். விலை மலிந்த டிப்பர் இரவோடு இரவாகத் தேடிப்போவதும் அவற்றைத்தான். 2024 அக்டோபர் 25 மழையில் செல்லூரில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, அவ்வழியே ஓடும் பந்தல்குடி கால்வாய் பேசுபொருளானது. அந்த வெள்ளத்துக்கு இடிபாடு மட்டுமே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆக்கிரமிப்பும், வண்டலும், குறுகிய நேரத்தில் கொட்டித் தீர்த்த மழையும் உண்டு. ஆனால் நீர்வழியில் கிடக்கும் செங்கல் குப்பை மக்காது, வெள்ளத்தோடு எளிதில் போகவும் போகாது. பிளாஸ்டிக்கையாவது பொறுக்கி எடுக்கலாம், காரையை அள்ள மறுபடி ஜேசிபிதான் வரவேண்டும், அந்தச் செலவு மாநகராட்சி வரியிலிருந்து போகும். ஆக அந்த மலிவு விலையின் மீதியைக் கண்மாய்க்குக் கீழே குடியிருப்பவரும் வரி கட்டுபவரும் கட்டுகிறார்கள்.

‘எல்லாரும்தான் கொட்டுகிறார்கள், என்னுடைய ரெண்டு லோடால் என்ன ஆகிவிடும்?’ என்பது வழக்கமான பதில். கட்டுமான, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள் 2016இல் வந்தபோதே, கழிவை உண்டாக்குகிறவர்தான் அதற்குப் பொறுப்பு என்றும், சாலையிலோ வடிகாலிலோ போடக்கூடாது என்றும் தெளிவாக வைத்தன. வண்டிக்காரரிடம் காசு கொடுத்ததோடு பொறுப்பு கைமாறிவிடவில்லை. நாளொன்றுக்கு 20 டன்னுக்கு மேல் என்றால் கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-காரை என நான்காகப் பிரிக்கவேண்டும் என்றும் அந்த விதிகள் கூறின. 20 டன் என்பது ஐந்தாறு யூனிட்தான். ஜேசிபி வைத்து ஒரே நாளில் அள்ளினால் நடுத்தர வீடே அந்தக் கோட்டைத் தாண்டும். 2025இல் அறிவித்த புதிய விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று வைத்து, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள திட்டங்கள்மேல் கூடுதல் பொறுப்பைச் சுமத்துகின்றன.

இரண்டாவது மறுப்பில் நியாயம் அதிகம். பள்ளமான மனையை மேடாக்க ஊரெங்கும் இடிபாடு தேவைப்படுகிறது, வேண்டுகிறவருக்குக் கொடுத்தால் எல்லாருக்கும் நல்லதுதானே? உண்மைதான். சுத்தமான செங்கல் சல்லியும் காரையும் நல்ல நிரப்பு. உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே அப்படி ஒரு மனை இருந்தால் தூரம் குறைந்து விலை பாதியாகும், சிலர் வண்டியையும் அவர்களே அனுப்புவார்கள். இரண்டு விஷயம் மட்டும் பார்க்கவேண்டும். அந்த மனை பட்டா நிலம்தானா, நீர்நிலைப் புறம்போக்கா? பழைய நஞ்சை வயல்களின் நடுவே வாய்க்காலும் ஓடும், பார்வைக்கு அதுவும் பள்ளம்தான். அடுத்தது, குப்பை கலக்காமல் இருப்பது. பிளாஸ்டிக்கும் மரத்துண்டும் சாக்கும் கலந்த நிரப்பின்மேல் திமிசு போட்டு எவ்வளவு இறுக்கினாலும் மரம் மக்கி, தரை ஒரு மழைக்காலத்தில் உள்வாங்கும். மனைக்காரர் பிறகு உங்களைத் தேடி வருவார்.

சென்னையில் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் இந்தக் கழிவை அரைத்து மறுபடி பயன்படுத்தும் ஆலைகள் இயங்குகின்றன. அங்கே ‘எங்கே போகும்?’ என்ற கேள்விக்குப் பதில் சுலபம். மதுரையில், வேலை தொடங்குமுன் உங்கள் வார்டு எந்த மண்டலத்தில் வருகிறதோ அந்த அலுவலகத்தில், இப்போது இடிபாடு ஏற்கும் இடம் எது, கட்டணம் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருக்கும் மண்டலங்கள் ஐந்துதான். அந்தக் கட்டணத்தைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசினால், எவர் அதைக் கணக்கில் சேர்த்திருக்கிறார், எவர் சேர்க்கவில்லை என்பது இரண்டு நிமிடத்தில் புரியும்.

பிறகு பேசியதைத் துண்டுச் சீட்டில் எழுதிவிடுவது நல்லது. யூனிட்டுக்கு எவ்வளவு, அள்ளுகூலி சேர்ந்ததா, எங்கே கொட்டுவார், மரமும் இரும்பும் யாருக்கு, வண்டி எண் என்ன. ஏற்றி முடித்ததும் தொட்டியின் நீள அகல உயரத்தை ஒரு டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்; அளக்கிறவர் வீட்டில் டிரெய்லர் தலைதட்டாமல் போகாது. முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். மீதியைக் கடைசி நடை போய், வாசலில் சிதறிய ஆணியும் கண்ணாடியும் கூட்டி அள்ளிய பிறகு கொடுக்கலாம்.