அளவெடுத்துச் செய்யும் மார்பெலும்பு

மார்பின் நடுவே கழுத்தடியிலிருந்து இறங்கும் தட்டையான எலும்பே மார்பெலும்பு. இதயத்திற்கு முன்னால் நிற்கும் கேடயம் அது. மேலுள்ள ஏழு இணை விலா எலும்புகள் குருத்தெலும்பு வழியாக அதனுடன் இணைந்து, ஒவ்வொரு மூச்சிலும் அதனோடு சேர்ந்தே உயர்ந்து தாழ்கின்றன. புற்றுநோய்க் கட்டியின் பொருட்டு அதனை அகற்ற நேர்ந்தால், அவ்விடத்தை வெறுந்தோலால் மூடிவிட இயலாது. தாங்குவாரற்ற மார்புச் சுவர் மூச்சை இழுக்கும்போது உள்ளே அமிழ்ந்து சுவாசத்தையே குலைத்துவிடும்.

வலையும் எலும்புச் சிமெண்டும் தட்டையான உலோகத் தகடுகளும் இதற்குப் பயன்பட்டு வந்துள்ளன. ஆயினும் ஓயாது அசையும் இடமாதலால் தகடுகள் நாளடைவில் தளரக்கூடும். 2015-இல் ஸ்பெயினின் சலமான்கா பல்கலைக்கழக மருத்துவமனை, 54 வயது நோயாளி ஒருவருக்கு வேறு வழியை மேற்கொண்டது. அவருடைய ஸ்கேன் படங்களைக் கொண்டு ஆஸ்திரேலியாவின் அனடோமிக்ஸ் நிறுவனம் மார்பெலும்பையும் விலா எலும்புகளின் ஒரு பகுதியையும் வடிவமைத்தது. மெல்போர்னில் உள்ள சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வுக்கூடத்தில், டைட்டானியம் பொடியை எலெக்ட்ரான் கற்றையால் அடுக்கடுக்காக உருக்கி அதனை அச்சிட்டனர். நடுப்பகுதி உறுதியானது; விலா எலும்புகளுக்கு ஈடான தண்டுகளோ சற்று வளைந்து கொடுப்பவை. அறுவை சிகிச்சை முடிந்து 12 நாள்களில் நோயாளி வீடு திரும்பினார்.

கணக்கு பார்ப்பவர் கண்ணுக்கு இதில் மற்றொன்றும் புலப்படும். இதய ஸ்டென்ட், செயற்கை முழங்கால் மூட்டு ஆகியவை பல அளவுகளில் முன்னரே செய்து வைக்கப்படுபவை. 2017 முதல் அவற்றுக்கு அரசின் விலை வரம்பும் உண்டு. இதுவோ ஒரே உடலுக்கு உரியது. மருத்துவரின் எழுத்துப் பரிந்துரைப்படி ஒரு நோயாளிக்கென்றே செய்யப்படும் சாதனத்தை, நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மருத்துவச் சாதன விதிகளும் தனியே வரையறுக்கின்றன. செய்து முடித்தபின் திருப்பித் தரவோ பிறருக்குப் பொருத்தவோ வழியில்லை. ஆகவே பணம் பற்றிய பேச்சு அறுவைக்கு முன் முடிந்தால் போதாது. அச்சிடுவதற்கு முன்பே முடிய வேண்டும்.

சாதனத்தின் விலையைத் தனியே காட்டும் மதிப்பீட்டை மருத்துவமனையிடம் எழுத்தில் பெறுக. மருத்துவரின் பரிந்துரையையும் இணைத்துக் காப்பீட்டு நிறுவனத்திடம் முன் அனுமதி கோருக. உடலினுள் பொருத்தும் சாதனங்களுக்குப் பாலிசியில் உச்சவரம்பு உள்ளதா என்பதற்கும் எழுத்திலேயே விடை வேண்டும். தொலைபேசியில் கிடைக்கும் ‘ஆகட்டும்’ பில் வரும் நாளில் உதவாது. எஞ்சிய தொகைக்காக நிரந்தர வைப்பை உடனே முறிக்க வேண்டியதில்லை. அதன்மீது கடன் பெற்றால் பொதுவாக வைப்பின் வட்டியைவிட ஓரிரு சதவீதமே கூடுதலாகும். முதிர்வு நாள் அண்மையில் இருப்பின் அதுவே பெரும்பாலும் சிக்கனம்.