லண்டனில் ஒரு செத்தவீடு: முதன்முறை பொறுப்பெடுப்பவருக்கு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் ஒருவர் கண்மூடினால் மிச்சத்தை அயல் பார்த்துக்கொள்ளும். ஒருவர் பந்தல் போடுவார், ஒருவர் குருக்களுக்குச் சொல்லப் போவார், இன்னொருவர் விறகுக்கு ஓடுவார். பிள்ளைகளுக்கு அழ நேரமிருக்கும். 1983 கலவரத்துக்குப் பிறகு அகதிகளாக இங்கே வந்த தலைமுறை இப்போது ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறது. அவர்களின் பிள்ளைகள் பலர் ஊரில் ஒரு செத்தவீட்டைக்கூடப் பார்த்ததில்லை. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இது இங்கிலாந்து, வேல்ஸ் நடைமுறை. ஸ்கொட்லாந்தில் சட்டம் வேறு.

முதலில் ஒரு ஆள்

நிதானமான ஒருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள். கொள்ளி வைக்கும் பிள்ளையிடம் அந்தச் சுமை வேண்டாம். உயிர் பிரிந்த நேரத்தை உடனே எழுதிவையுங்கள். கோடையில் இங்கே இரவு 8 மணி என்றால் ஊரில் மறுநாள் அதிகாலை 12.30. ஊரார் மரண அறிவித்தலில் ஒரு திகதி, நீங்கள் இன்னொரு திகதி என்று போடுவது இப்படித்தான். திவசத்துக்குத் திதி பார்க்கவும் குருக்கள் இந்த நேரத்தைத்தான் கேட்பார்.

பதிவு: பெயரில் கவனம்

வைத்தியர் எழுதும் சான்றிதழை மெடிக்கல் எக்ஸாமினர் பார்த்துப் பதிவாளருக்கு அனுப்புவார். அதிலிருந்து 5 நாளுக்குள் பதிய வேண்டும். திடீர் மரணம் என்றால் விஷயம் கொரோனரிடம் போகும், நாள் இழுபடும். அவசரப்பட்டு மண்டபத்துக்குக் காசு கட்டாதீர்கள்.

எங்கள் சனத்துக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஏஜென்சி கொடுத்த பாஸ்போட்டில் வந்தவர்கள், அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக எழுதவேண்டி வந்தவர்கள் என்று பலருக்கு இரண்டு பெயர் இருக்கும். ஊர்க் காணி உறுதியில் ஒன்று, இங்கத்தைய வங்கியில் ஒன்று. இரண்டையும் எழுத்தெழுத்தாகப் பதிவாளரிடம் சொல்லி, மற்றப் பெயரையும் பதிவில் சேர்க்கக் கேளுங்கள். இதைத் தவறவிட்டுப் பிறகு காணி மாற்ற முடியாமல் அலைந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். மரணச் சான்றிதழின் ஒவ்வொரு பிரதிக்கும் தனிக் கட்டணம். தேவைக்கு மேல் இரண்டு சேர்த்தே எடுங்கள். தகனத்துக்கான பச்சைப் படிவம் பியூனரல் டிரெக்டரிடம் போகும்.

நேரம் குறித்தல்

ஊரில் மறுநாளே எடுத்துவிடுவோம். இங்கே ஒரு கிழமையோ கூடவோ ஆகும். தகனசாலை தருவது பெரும்பாலும் அரை மணி, முக்கால் மணி. அதற்குள் முழுக் கிரியையையும் அடைக்கப் பார்ப்பதுதான் எல்லாரும் விடும் பிழை. அதற்கு முன் ஒரு மண்டபத்தில் இரண்டு மணி நேரமாவது எடுங்கள். குருக்கள், மண்டபம், தகனசாலை மூன்றும் ஒத்துவந்த பிறகே அறிவித்தல் போடுங்கள்.

கிரியை

பியூனரல் டிரெக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள்: கற்பூரம் கொளுத்தலாமா? பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கலாமா? தீக்கு விடமாட்டார்கள் என்றால் பற்றரி மெழுகுதிரிதான். மூன்று முறை சுற்றி உடைக்கும் கொள்ளிக்குடத்துக்கு வெளியே ஓர் இடம் கேட்டு வையுங்கள். சுண்ணம் இடிக்கச் சிறிய உரலும் உலக்கையும் தேவை. வழக்கமாகக் குருக்களே கொண்டுவருவார். திருப்பொற்சுண்ணம் பாட ஆள் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாட ஒருவரும் இல்லாமல் உலக்கைச் சத்தம் மட்டும் கேட்ட மண்டபத்தில் நின்றிருக்கிறேன். நெஞ்சு கனத்துப் போயிற்று.

பெட்டிக்குள் வாய்க்கரிசியும் பூவும் போகலாம். தேங்காய், கண்ணாடி, பற்றரி போகக்கூடாது, சூட்டில் வெடிக்கும். நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். தகனத்துக்கு முன் அதை எடுத்தே ஆகவேண்டும்.

கொள்ளி

தவேந்தர் காய் என்ற இந்து முதியவர் திறந்த சிதைக்காக வழக்காடி, சுவருள்ள, மேலே திறந்த கட்டடத்துக்குள் எரிக்கச் சட்டம் தடையில்லை என்று 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற்றார். ஆனாலும் நடைமுறையில் எங்களுக்கு இருப்பது மூடிய உலைதான். பெட்டி உள்ளே போவதை நெருங்கிய சிலர் நின்று பார்க்கலாம். முன்பே பதிந்துவையுங்கள், அன்றைக்குக் கேட்டால் கிடைக்காது.

அப்பாவுக்கு நான் கொள்ளி வைத்தது ஒரு பச்சைப் பொத்தானில். விரலில் பவித்திரம். ஊழியர் "ரெடியான உடன அமத்துங்கோ" என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார். அக்கா என் கையின்மேல் தன் கையை வைத்தா. ஊரில் அவ சுடலை வாசலுக்கே வந்திருக்க மாட்டா. பெண்களை மண்டபத்தோடு நிறுத்தச் சொல்பவர்கள் இன்னும் உண்டு. கேளாதீர்கள், மகளும் வரட்டும்.

சாம்பல்

சாம்பல் அள்ளும் சடங்கான காடாத்துக்காக, அடுத்த நாளே சாம்பல் கிடைக்குமா என்று கேட்டு வையுங்கள். ஆற்றில் கரைக்கலாம், காற்றில்லாத நாளாக, வீடுகளும் குடிநீர் எடுக்கும் இடமும் இல்லாத பகுதியாகப் பாருங்கள். மாலையின் நூலும் பிளாஸ்டிக்கும் தண்ணீரில் போகக்கூடாது. கீரிமலைக்குக் கொண்டுபோவதென்றால் உலோகமல்லாத பாத்திரமும் தகனச் சான்றிதழும் கையோடு இருக்கட்டும். எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் குருக்களிடம் அன்றைக்கே நாள் குறியுங்கள்.

ஒருவரும் இல்லாதவருக்கு

அகதி வழக்கு முடியாத பிள்ளை வேறு நாட்டிலிருந்து வரமுடியாது; தகனசாலையில் நேரலைக்குக் கேளுங்கள். இங்கே சொந்தமே இல்லாமல் இறப்பவர்களும் உண்டு. ஈமச்செலவுக்கு ஆளில்லை என்றால் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில் செய்யும். தகவல் தெரிந்ததும் கவுன்சிலுக்குப் போன் எடுத்து, இறந்தவர் சைவர், நாங்கள் வருகிறோம் என்று சொல்லுங்கள். அப்படி ஒரு காலை 9 மணித் தகனத்துக்கு நாங்கள் நாலு பேர் போனோம். குருக்கள் தட்சிணை வாங்கவில்லை. வாய்க்கரிசிக்கு அரிசியும் அவரே ஒரு பேணியில் கொண்டுவந்திருந்தார்.