முத்திரையில் ஒரு நாடு

கேள்வி: மகளுக்கு ஏழு வயது. முத்திரை சேர்க்கும் என் பழக்கத்தோடு நாட்டுப்பற்றையும் அவளுக்குக் கொடுக்க முடியுமா? – ஒரு தகப்பன், கண்டி

பதில்: தாராளமாக. முதலில் கைவேலை. பழைய கடித உறையில் முத்திரையைச் சுற்றித் தாள் விட்டு வெட்டி, தண்ணீரில் ஊறப் போடட்டும். பசை இளகினால் தானே கழன்றுவிடும். அவசரப்பட்டு இழுத்தால் கிழியும். வெள்ளைத்தாளில் உலர்த்தி, கனமான புத்தகத்தின் அடியில் வைக்கட்டும்.

பிரசங்கம் வேண்டாம். ஒரே முத்திரையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருப்பதைக் காட்டுங்கள். தமிழை அவளே வாசிக்கட்டும். 1972இல் நாட்டின் ஆங்கிலப் பெயர் ‘சிலோன்’ என்பதிலிருந்து மாறியதைப் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துக் கண்டுபிடிக்கட்டும்.

தேயிலைத் தொழிலின் நூற்றாண்டுக்கு 1967இல் வந்த முத்திரைகள் கிடைத்தால் வாங்குங்கள். பிறகு ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரைப் பற்றி அங்கே அறியலாம். கொழுந்து பறித்தவர்களைப் பற்றி நீங்கள்தான் சொல்ல வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை தந்தது. அவள் கொஞ்சம் வளர்ந்ததும் இதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.