கனடாவுக்குப் புறப்படுகிறீர்களா? முதலில் பல்லைக் காட்டுங்கள்!

“அங்கே வைத்தியம் பூரா ஃப்ரீயாமே!”

பிள்ளைக்கு கனடாவில் பி.ஆர். கிடைத்த வீடுகளில் இந்தப் பேச்சு நிச்சயம் அடிபடும். பாதிதான் உண்மை!

டாக்டரைப் பார்ப்பது, ஆஸ்பத்திரியில் படுப்பது எல்லாம் அரசாங்கச் செலவு. அதற்கான அட்டையை அந்தந்த மாகாணம்தான் தருகிறது. டொரொண்டோ இருக்கும் ஒண்டாரியோவில் முன்பு மூன்று மாதம் காத்திருக்கணும். 2020 மார்ச்சில் அதை எடுத்துவிட்டார்கள். வான்கூவர் பக்கம் போகிறவர்களுக்கு, இறங்கிய மாதத்தின் மிச்ச நாட்களோடு இன்னும் இரண்டு மாதம் காத்திருப்பு உண்டு. அதுவரை தனியார் இன்ஷூரன்ஸ்தான் கதி.

சரி, பல்லுக்கு?

அங்கேதான் இடிக்கிறது. 1984-ம் வருட கனடா சுகாதாரச் சட்டம், ஆஸ்பத்திரியில் வைத்தே செய்தாகவேண்டிய பல் அறுவை சிகிச்சையை மட்டும் சேர்த்துக்கொண்டது. சொத்தை அடைப்பது, வேர் சிகிச்சை, பல்செட் எல்லாம் கைக்காசு. இல்லையென்றால் கம்பெனி இன்ஷூரன்ஸ். (பல் என்ன, உடம்பில் சேர்த்தி இல்லையா?)

2023 டிசம்பரில் மத்திய அரசு ஒரு பல் மருத்துவத் திட்டத்தை ஆரம்பித்து, படிப்படியாக எல்லா வயதினருக்கும் திறந்துவிட்டது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 90,000 டாலருக்குள் இருக்கணும். கம்பெனி இன்ஷூரன்ஸ் கிடைத்தும் ‘வேண்டாம்’ என்று விட்டவர்களுக்குக் கிடையாது. முக்கியமானது, அங்கே வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்திருக்கணும். புதிதாகப் போனவர் முதல் வருஷமே கணக்குக்கு எங்கே போவார்? ஆக, அந்த இடைவெளிக்குக் கையில் பணம் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பேரக்குழந்தையைப் பார்க்க சூப்பர் விசாவில் போகும் பெற்றோருக்கு இந்தத் திட்டமெல்லாம் பொருந்தும் என்று நம்பிப் போகாதீர்கள். அவர்கள் குறைந்தது 1,00,000 டாலருக்கு, ஒரு வருஷ மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுத்தாக வேண்டும். அது பெரும்பாலும் அவசர சிகிச்சைக்குத்தான். எங்கள் எதிர்வீட்டு மாமி கடைவாய்ச் சொத்தையோடு விமானம் ஏறினார். போன மூன்றாம் வாரமே ராத்திரி வலி. “இங்கேயே பிடுங்கியிருக்கலாம்டீ” என்று கிராம்பை வைத்துக்கொண்டு போனில் ஒரே அழுகை!

ஆகவே, டிக்கெட் போட்டதுமே பல் டாக்டரிடம் போய்விடுங்கள். கடைசி வாரத்தில் போனால் பிரயோஜனமில்லை. வேர் சிகிச்சைக்கு இரண்டு மூன்று தடவை போகவேண்டி வரலாம். அப்புறம் தொப்பி போடணும். தற்காலிக அடைப்போடு கிளம்பவே கூடாது. பல் பிடுங்கினால் ஈறு ஆறிய பிறகுதான் நிரந்தர பல்செட்டுக்கு அளவெடுப்பார்கள். அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

சர்க்கரை உள்ளவர்கள் ஈறையும் காட்டிவிடுங்கள். எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு இரண்டையும் கைப்பையிலேயே வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள்.